பிள்ளை கையில் பீடி கிடையாது

கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்கு ஏறும் ரோட்டோரம், என் பெயரிலேயே ஒரு பெட்டிக்கடை போட்டேன். திறந்த நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை அண்ணன் கடையில் சம்பளமில்லாமல் நின்றவள் நான். இங்கே திறப்பதும் நான், பூட்டுவதும் நான்.

எங்கள் பக்கம் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. எந்த ஆம்பளையும் தன் பீடியைத் தானே வந்து வாங்க மாட்டான், பிள்ளையைத்தான் அனுப்புவான். மிச்சக் காசில் அதற்கு ஒரு மிட்டாய். நானும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் சுகாதாரத் துறை அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். அந்த நேரம் பார்த்து ஒரு பொடியன் பீடிக்கட்டோடு கடை முன்னால் நின்றான். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் புகையிலை விற்கவும் கூடாது, அவர்களை வைத்து விற்கவும் கூடாது என்றார். தீப்பெட்டி பக்கத்தில் தொங்கிய லைட்டர்களைக்கூட விடவில்லை, அதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதே என்றார். இன்னொரு தரம் பார்த்தால் கடைக்குச் சீல்.

அன்றோடு நிறுத்தினேன். ஊர் ஆம்பளைகள் குதித்தார்கள். "நான் குடிக்கிறதுக்குத்தான கேக்கறேன், புள்ளையா குடிக்கப் போவுது?" என்று ஒருவர் கத்தினார். "அப்ப நீங்களே நடந்து வாங்க, காலு இன்னா வலிக்குதா?" என்றேன். எனக்கும் வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த சமயம். ஒரு காலையில் என் கடைக்கு நேர் எதிரே மறியல். ஆண்கள் ரோட்டை அடைத்து உட்கார்ந்துவிட்டார்கள். மலைக்குப் போகும் பஸ் நின்றது, அதன் பின்னால் கரும்பு டிராக்டர்கள், அதற்கும் பின்னால் ஒரு ஜீப். எட்டிப் பார்த்தேன். அதே அதிகாரி!

கலெக்டர் ஆபீசிலிருந்து ஆள் வந்து பேசும்வரை ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது என்று மறியலில் கட்டுப்பாடு. வெயில் ஏறியது, பீடி ஆசையும் ஏறியது. எழுந்திருக்க முடியாத அப்பன்மார்கள் வேடிக்கை பார்த்த பிள்ளைகளை ஒவ்வொன்றாக என் கடைக்கு பீடி வாங்க விரட்டினார்கள். நான் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினேன். "எங்க போராட்டத்துக்கு நீ எதிரியா? கடையை இழுத்து மூடு!" என்று கூச்சல் கிளம்பியது. கொடுத்தால் ஜீப்பில் இருப்பவர் மூடுவார், கொடுக்காவிட்டால் இவர்கள் மூடுவார்கள். எனக்குக் கோபம் வந்ததா உற்சாகம் வந்ததா தெரியவில்லை, ஒரு தட்டில் பீடிக்கட்டுகளை அள்ளிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டேன்.

"யாருக்கு வேணும்? கையை நீட்டுங்க, உங்க கையிலதான் குடுப்பேன்!"

ஒரே விசில்! கூச்சல் போட்டவரே முதலில் கை நீட்டினார். வரிசை வரிசையாகப் புகுந்து கொடுத்துக்கொண்டே போனேன். திருவிழாவில் சுண்டல் விற்பவள்கூட அவ்வளவு மிதப்பாக நடந்திருக்க மாட்டாள். அந்த மிதப்பில் போலீஸ் வேன் வந்ததையே நான் கவனிக்கவில்லை. ஒரு பெண் போலீஸ் என் தோளைப் பிடித்தார்.

"ஐயோ, நான் கடைக்காரிங்க!"

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க, ஏறும்மா."

வேன் கிளம்பியபோதுதான் உறைத்தது. கடை திறந்து கிடக்கிறது. முன்னால் ஒரு கூட்டம் பிள்ளைகள். வழி விட்டதும் ஜீப் நேராக என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரே ஒரு பிள்ளை கையில் ஒரே ஒரு பீடிக்கட்டு இருந்தால் போதும், என் கதை முடிந்தது.

எங்களை அடைத்து வைத்த கல்யாண மண்டபத்தில் சாப்பாடு போட்டார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. சாயந்திரம் விட்டதும் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினேன். மலைக்குப் போய்த் திரும்பிய ஜீப் கடை வாசலில் நின்றது. அதிகாரி கைகட்டி நின்றார். என் ஸ்டூலின் மேல் ஏறி, இரண்டு கைகளையும் விரித்துக் கடையை மறித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சிறுமி. கால் வலித்திருக்கும் போல, முகம் சிவந்து கிடந்தது.

"எம்மா நேரம்க்கா! அக்கா கடைன்னு நான்தான் பாத்துக்கினு இருந்தேன்," என்றாள். அதிகாரிக்குப் பக்கத்தில் நின்ற ஜீப் டிரைவரை நோக்கி விரலை நீட்டினாள். "இந்தாளு சிகரெட் குடு, சிகரெட் குடுன்னு உசுரெடுக்கறாரு. நான் சின்னப் புள்ள, நான் குடுக்கக் கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

அதிகாரி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தரையைப் பார்த்தார்.

நான் அந்தப் பெண்ணை ஸ்டூலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி 'ஓ'வென்று அழுதேன்.