புளி தேய்த்த துப்பாக்கி

எங்கள் வீட்டுத் துப்பாக்கிக்கு நான்கு இலக்கத்தில் ஒரு நெம்பர் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். அறுபது ஆண்டுக்கு முந்தைய சங்கதிக்கு எவரும் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை என்று என் மகன் சொல்கிறான். அவனுக்கென்ன, நோட்டீஸ் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கப்போவது நான்தானே.

துப்பாக்கி தாத்தாவுடையது. குழாயின் வாய்வழியே கரிமருந்தையும் ரவையையும் போட்டுக் கெட்டிக்கிற பழைய நாட்டுத் துப்பாக்கி. கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்களுக்கு இரண்டே முக்கால் ஏக்கர் கொல்லை இருந்தது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலை காய் பிடிக்கிற காலத்தில் காட்டுப்பன்றிகள் வந்து செடியைக் கிளறித் தின்றுவிடும். அவற்றை விரட்டத்தான் தாத்தா லைசென்சு வாங்கியிருந்தார். எனக்குத் தெரிந்து அது நான்கு முறை சுட்டது. நான்கு முறையும் பன்றிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது தாத்தா இறந்தார். ஒரே பிள்ளையான அப்பாவின் பேருக்கு லைசென்சை மாற்ற வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கப் போனால் புத்தகத்தை மட்டும் நீட்டினால் போதும், முத்திரை விழுந்துவிடும். பேர் மாற்றுவதென்றால் துப்பாக்கியையே கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார்கள். அப்பா அதைக் கோரைப்பாயில் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு பெரிய கோயிலின் பேகோபுரத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டிலிருந்து தாலுகா ஆபீஸுக்கு நடந்தார். பள்ளிக்கூடம் விடுமுறை, ஆகையால் நானும் போனேன். எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டே போனேன். ஆயிரத்து நூறைத் தாண்டியதும் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்து கணக்கு தப்பிவிட்டது.

குமாஸ்தா லைசென்சுப் புத்தகத்தைப் பார்த்தார். துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் கட்டையில் பதித்திருந்த பித்தளைத் தகடு கண்ணாடி மாதிரி மின்னியது. தகட்டில் ஒன்றும் இல்லை.

"என்ன வாத்தியாரே, புஸ்தகத்துல நெம்பர் இருக்குது. துப்பாக்கியில காணோமே?"

அப்பா போர்டு பள்ளிக்கூடத்து வாத்தியார். மாணவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் பயப்படுகிறவர். "நான் கவனிக்கலைங்க சார்" என்றார்.

"ரெண்டுல ஒண்ணு. இது வேற துப்பாக்கியா இருக்கணும். இல்லன்னா யாரோ நெம்பர அழிச்சிருக்கணும். நெம்பர் அழிஞ்ச துப்பாக்கி யாருகிட்ட இருக்குதோ அவங்கதான் அழிச்சாங்கன்னு புதுச் சட்டம் எடுத்துக்கும், தெரியுமில்ல?"

"அப்ப இத சர்க்காருக்கே ஒப்படைச்சிடறேன் சார்."

"ஒப்படைச்சா மட்டும் நெம்பர் மொளச்சிடுமா? நான் மேல எழுதித்தான் ஆவணும். கேஸ் ஆச்சுன்னா உங்க வேலைக்கும் ஆபத்து. பாத்துக்குங்க."

அப்பா பாயின் ஓரத்துக் கோரைகளை ஒவ்வொன்றாகப் பிய்க்க ஆரம்பித்தார். அவருக்கு உதவ வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"எங்கம்மாதான் சார் தேச்சாங்க. புளி போட்டு."

குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளி என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

நான் சொன்னது உண்மை. ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்கிற சாமான் என்பதால் துப்பாக்கி சாமி அறைச் சுவரில்தான் தொங்கும். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா புளியும் செங்கல் பொடியும் போட்டுக் குத்துவிளக்கைத் தேய்ப்பாள். விளக்கு பளபளக்க, அதற்கு மேலே ஒரு பித்தளைத் துண்டு மட்டும் மங்கிக் கிடப்பதை அவளால் பொறுக்க முடியாது. ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு வெள்ளியில் தவறிய வாரங்களைக் கழித்தால் நாற்பத்தைந்து. அவள் வாழ்க்கைப்பட்டு வந்து பதினோரு ஆண்டு. ஆக நானூற்றுத் தொண்ணூற்றைந்து. ஆயுத பூசை பதினொன்றையும் சேர்த்தால் ஐந்நூற்று ஆறு தடவை. எந்த நெம்பர் தாங்கும்?

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "வாய வெச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடா?" பிறகு அம்மாவிடம் தணிந்த குரலில், "சின்னப் பையன், தெரியாம உளறிட்டான்னு சொல்லிடறேன். வாங்கின அன்னிலேருந்தே தகட்டுல நெம்பர் இல்லன்னு எழுதிக் குடுத்துடலாம்" என்றார்.

"புள்ள நெசத்தத்தானே சொல்லியிருக்கான். அவன ஏங்க பொய்யனாக்கறீங்க? நான் வரேன்."

"பொம்பளைங்க வர்ற எடமா அது?"

"தேச்சது நானு. என்னையில்ல கேக்கணும்?"

"ஜெயில்ல போட்டுட்டா?"

"போடட்டும். அங்க இருக்கிற பாத்திரத்தையும் தேச்சுக் குடுத்துட்டு வரேன்."

அப்பா அதற்குச் சிரிக்கவில்லை. எட்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஒன்பதாம் நாள் தாசில்தார் விசாரித்தார். அம்மா கூரைப்புடவை கட்டிக்கொண்டு, கையில் ஒரு மஞ்சள் பையோடு வந்தாள். பையில் என்ன என்று கேட்டதற்கு அதன் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். எங்களுக்கு முன்னால் பதினான்கு பேர். எங்கள் முறை வருவதற்குள் அப்பா மூன்று முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

தாசில்தார் குமாஸ்தாவின் குறிப்பைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நீதாம்மா நெம்பர அழிச்சியா?"

"அழிக்கலைங்க ஐயா. தேச்சேன். அதுல நெம்பர் இருந்ததே எனக்குத் தெரியாதுங்க."

"அத நான் எப்படி நம்பறது?"

அம்மா பையிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். நாங்கள் தினமும் தண்ணீர் குடிக்கிற சொம்பு.

"எங்கம்மா எனக்கு சீரா குடுத்ததுங்க. வரும்போது இதுல அவங்க பேரு வெட்டியிருந்துச்சு. ரெண்டே மாசத்துல அவங்க தவறிட்டாங்க. அவங்க நெனவா இது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்குது. இப்ப அந்தப் பேரப் படிங்க பார்க்கலாம்."

தாசில்தார் சொம்பை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். உற்றுப் பார்த்தால் இரண்டு எழுத்து தெரிந்தது. மற்றவை இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

"பெத்தவ பேரையே தேச்சுத் தள்ளிட்டேங்க" என்றாள் அம்மா. "சர்க்கார் நெம்பர எங்க விட்டு வெப்பேன்?"

அவள் குரல் உயரவும் இல்லை, நடுங்கவும் இல்லை. வகுப்பறையில் அப்பாகூட அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

குமாஸ்தா விடவில்லை. "ஐயா, பழைய சொம்பு யாரு வேணா கொண்டாந்து காட்டலாங்க."

தாசில்தார் கதவோரம் நின்ற சேவகரைப் பார்த்தார். சேவகரின் தோளில் குறுக்காகப் போட்டிருந்த சிவப்புப் பட்டையில் பெரிய பித்தளை வில்லை தகதகத்தது.

"உன் வில்லையில என்னய்யா எழுதியிருக்குது?"

"தாலுகா ஆபீசுன்னு எழுதியிருக்குதுங்க."

"குனிஞ்சு பாத்துப் படி."

சேவகர் குனிந்து பார்த்தார். துண்டால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இருந்துச்சுங்க ஐயா" என்றார். "வீட்ல புளி போட்டுத் தேச்சுக் குடுப்பா. கொஞ்சம் ஜாஸ்தியா தேச்சிட்டா போல."

அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். குமாஸ்தாகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தாசில்தார் மட்டும் சிரிக்காமல், பூசைக்காகத் தேய்த்ததில் நாளடைவில் எண் மறைந்தது, கெட்ட நோக்கம் ஏதுமில்லை என்று நான்கு வரி எழுதி வேலூர் கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்பினார். நாற்பத்துமூன்று நாள் கழித்து உத்தரவு வந்தது. அதே நெம்பரை இரும்புக் குழாயிலேயே ஆழமாக அடித்துக் கொடுத்தார்கள். அப்பாவின் வேலை தப்பியது.

விசாரணை முடிந்து திரும்பும்போது, எப்போதும் பத்தடி முன்னால் போகிற அப்பா அன்றைக்கு அம்மாவுக்குப் பக்கத்தில் நடந்தார். "இவ்ளோ பேச எங்க கத்துக்கின?" என்று கேட்டார். அம்மா சொம்பைப் பையில் போடாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். ஜெயித்தவள் ஏன் இப்படி மெதுவாக நடக்கிறாள் என்று எனக்கு அலுப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஒரு தவறு நடக்கத் தொடங்கியது. வீட்டில் பித்தளைச் சாமான் ஏழு. ஆறு பளபளக்கும். சொம்பு மட்டும் வெறும் தண்ணீரில் அலம்பி ஓரமாகக் கவிழ்ந்திருக்கும். வாரத்துக்கு வாரம் கறுத்துக்கொண்டே வந்தது.

"ம்மா, சொம்ப மறந்துட்ட."

"அது கெடக்கட்டும் விடுடா."

மூன்று முறை நினைவூட்டியும் இதே பதில். தாசில்தாருக்குப் பயந்துபோய்விட்டாள் என்று நான் முடிவு செய்தேன். தைரியம் சொல்வதைவிட வேலையைச் செய்து காட்டுவது மேல். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது புளியையும் செங்கல் பொடியையும் எடுத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தேன். முந்நூறு எண்ணும்வரை தேய்த்தேன். சுற்றிலும் மின்னியது. அந்த இரண்டு எழுத்துகளின் பள்ளத்தில் மட்டும் கறுப்பு பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது. அங்கே மட்டும் இன்னொரு நூறு தேய்த்தேன். அதுவும் போயிற்று, அந்த இடமும் வழவழவென்று ஆகிவிட்டது.

அம்மா வந்ததும் ஓடிப்போய்க் கொடுத்தேன். அவள் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரு சுற்றுத் திருப்பினாள். கட்டைவிரலால் பக்கவாட்டில் தடவிக்கொண்டே நின்றாள்.

"எத்தினி வாட்டி தேச்ச?"

"நானூறும்மா."

பிறகு என் தலையில் கை வைத்தாள். "நல்லா தேச்சிருக்கடா கண்ணு" என்றாள். சொம்பை எடுத்துக்கொண்டு சாமி அறைக்குள் போனவள், விளக்கு ஏற்றுகிற நேரம் தாண்டியும் வெளியே வரவில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தேய்க்கிற வேலையில் அம்மாவிடம் பாராட்டு வாங்குவது லேசான காரியமா? மறுவாரம் முழுக்க அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டே திரிந்தேன். வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். ஒருவரையும் விடவில்லை.