வரைபடத்தில் விட்டுப்போனது

நண்பர்களே,

போடிக்குப் புதிய பஸ் நிலையம் வரைந்துகொண்டிருக்கிறேன் என்று போன மாதக் கடிதத்திலேயே பீற்றிக்கொண்டேன். வரப்போகும் இரண்டாயிரமாவது ஆண்டிலும் போதுமானதாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்று காலை வரைபடத்தை டீக்கடைப் பெஞ்சில் விரித்திருந்தேன். குரங்கணிக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் ஓர் அக்கா, ஜீப்புக்காக நின்றவர், எட்டிப் பார்த்தார்.

பெருமையாகக் காட்டினேன். "இது மின்சார ரயில் வந்தா நிக்கிற இடம்க்கா. இது மலைக்கு ஏறுற விஞ்சுக்கு, பழனியில இருக்குல்ல, அது மாதிரி."

"நல்லாருக்கு. பொம்பளைகளுக்குக் கக்கூசு எங்கப்பு? விடியிறதுக்கு முன்னாடியே வந்து, ஜீப்பு வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டு நிக்கிறோம்."

வரையவில்லை என்று தெரிந்தும் தாள் முழுக்கத் தேடுவதுபோல் நடித்தேன்.

அவரே இரங்கி, "வேற தாள்ல இருக்கும்போல" என்றார்.

"ஆமாக்கா" என்று சொல்லிவிட்டேன்.

ஜீப்பு வந்தது. ஏறி உட்கார்ந்ததும் பக்கத்துப் பெண்ணிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது.

"நமக்கும் போட்டிருக்காகளாம்டி."

அதற்குப் பிறகு எனக்குத் தலை நிமிரவில்லை.

இப்போது அந்த வேறு தாளை வரைந்துகொண்டிருக்கிறேன். இன்னும் என்னென்ன விட்டுப்போயிருக்கும்? எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.