கம்மலைத் தொட்டா பேட் வாசிக்கணும்

செவ்வாய்க்கிழமை காலையில கடை ஷட்டரைத் தூக்கிக்கிட்டே போனைப் பார்த்தேன். வாட்ஸாப் ஸ்டேட்டஸ்ல ஒரு மெழுகுவத்தி. அதுக்குக் கீழ "ஆழ்ந்த இரங்கல்". அதுக்கும் கீழ அந்த கிளிப்பு.

அதே கிளிப்புதான். எங்க அமலி அக்கா போயிட்டாங்கன்ற செய்தியே எனக்கு அந்த கிளிப்பு மேல ஏறி உக்காந்துகிட்டுதான் வந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அதை மொதல்ல ஊருக்கெல்லாம் காட்டின அதே தொகுப்பாளர் சார், இப்ப சோக மியூசிக் ஒண்ணைப் பின்னாடி சேத்து மறுபடியும் போட்டிருந்தாரு.

ஷட்டரைப் பாதியிலயே விட்டுட்டு கீழ உக்காந்துட்டேன். அழுகை வரல. கோவம்தான் வந்துச்சு. இன்னும் போகல. "செத்தவங்களைப் பத்தி எழுதறப்ப நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா"ன்னு சொல்றவங்களுக்கு: அக்காவைப் பத்தி நல்லதாதான் எழுதப் போறேன். மத்தவங்களுக்கு நான் கேரண்டி இல்ல.

அக்காவைத் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். முழுப்பேரு அமலோற்பவம். நெல்லித்தோப்பு. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி, மில்லை மூடினதும் வீட்டோட உக்காந்துட்டவரு. அக்காவுக்குப் பகல்ல ஜவுளிக்கடையில சேலை செக்‌ஷன், சாயந்திரம் ஆனா மெல்லிசைக் குழுவுல பாட்டு. மாதா கோயில் தேர்னாலும் பாடுவாங்க, மாரியம்மன் கோயில் கூழ்னாலும் பாடுவாங்க. "எந்தச் சாமியா இருந்தாலும் மைக்கு ஒண்ணுதானடி"ன்னுவாங்க.

நான் மொதல்ல பார்த்தது ஒரு காதுகுத்துல. சாப்பிட்டுக் கை கழுவப் போனவ, கையைக் கழுவாமலே நின்னுட்டேன். அன்னைக்கே அவங்க பேர்ல ஒரு ரசிகர் பக்கம் ஆரம்பிச்சேன். எடிட்டிங் எனக்கு யாரும் சொல்லிக்குடுக்கல, போன்ல நானே தட்டித் தட்டிக் கத்துக்கிட்டது. பாண்டில எங்க கச்சேரின்னாலும் மேடைக்கு எடது பக்கம் நான் நிப்பேன். வலது பக்கம் ஸ்பீக்கர் காதைக் கிழிக்கும். எடது பக்கம்தான் பேட் வாசிக்கிற தட்சணா அண்ணனும், மிக்சர் டேபிளும் இருக்கும்.

பேட்டுன்னா என்னன்னு சொல்லிடறேன். குச்சியால தட்டினா தவிலு, பறை, டிரம்ஸ்னு எல்லா சத்தமும் வர்ற கறுப்புப் பலகை. ஆனா சத்தம் மிக்சர் வழியாதான் ஸ்பீக்கருக்குப் போகணும். அங்க குறைச்சுட்டா அது வெறும் ரப்பர்.

அக்கா கச்சேரியில ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு எடம். பாட்டு நடுவுல திடீர்னு நிறுத்திடுவாங்க. சிரிச்சிக்கிட்டே முதுகைத் திருப்பி நிப்பாங்க. தட்சணா அண்ணன் தனியா ரெண்டு நிமிஷம் வெளுத்து வாங்குவாரு. அப்புறம் அக்கா திரும்பி, விட்ட எடத்துலேர்ந்து அடுத்த வரியை எடுப்பாங்க பாருங்க, கூட்டம் எழுந்து நிக்கும். எந்தப் பாட்டுல, எந்த வரியில வரும்னு யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிஞ்சு போச்சு. எங்கிட்ட இருந்த வீடியோ எல்லாத்தையும் ஸ்லோ மோஷன்ல ஓட்டிக் கண்டுபிடிச்சேன். அக்கா எடது காது கம்மலைத் தொட்டா, அண்ணன் ஆரம்பிக்கிறாரு. ஒவ்வொரு தடவையும்! நான் குதிச்சேன். பதினோரு கிளிப்பை ஒட்டி, கம்மல் மேல செவப்பு வட்டம் போட்டு, "அக்காவோட சீக்ரெட் சிக்னல் மாட்டிக்கிச்சு"ன்னு ரீல் போட்டேன். நான் போட்டதுலயே அதிகம் பேர் பார்த்த ரீல் அதுதான்.

குழுவோட ஓனரும் அதைப் பார்த்தாரு. அவருதான் மேடையில பேசற தொகுப்பாளரும். பேரு சொல்லமாட்டேன், எப்பவும் கையில மூணு மோதிரம் போட்டிருப்பாரு. தான் அடிக்கிற ஜோக்குக்கு விழாத கைதட்டு அந்த ரெண்டு நிமிஷத்துக்கு விழுதேன்னு அவருக்கு ஏற்கெனவே எரிச்சல். அக்காவும் அண்ணனும் தனக்குத் தெரியாம ட்ராமா போடறாங்கன்னு முடிவு பண்ணிட்டாரு.

அடுத்த கச்சேரி ஒரு அம்மன் கோயில் திருவிழா. அக்கா ரெண்டாவது சரணத்துல இருந்தாங்க. கை கம்மலுக்குப் போச்சு. அண்ணன் குச்சியை எறக்கினாரு. சத்தம் வரல. டொப்பு, டொப்புன்னு ரப்பர் சத்தம். அண்ணன் பதறிப்போய் வயரைத் திருப்பித் திருப்பிக் குத்தறாரு. அக்கா திரும்பி அவரைப் பார்த்தாங்க. அந்தப் பார்வையை நான் எந்த வீடியோவுலயும் சேர்க்கமாட்டேன்.

ஆயிரம் பேரு முன்னாடி, ஒரு பொட்டு சத்தமில்லாம நின்னாங்க. மைக்குல அவங்க மூச்சு மட்டும் கேட்டுச்சு, நாய் இளைக்கிற மாதிரி. விரலெல்லாம் கோணிக்கிச்சு. மேடையிலயே உக்காந்துட்டாங்க. உடம்பு பூரா உதறுது. அப்பதான் தொகுப்பாளர் சார் ரெண்டாவது மைக்கை எடுத்தாரு.

"பாருங்க பாருங்க, நம்ம அமலோற்பவத்துக்கே ஆத்தா வந்துட்டா! வேப்பிலை எடுத்தாங்கப்பா!"

கூட்டம் சிரிச்சுது. சிரிக்காதவங்க நம்பிட்டாங்க. ஒரு அம்மா நெசமாவே வேப்பிலையும் மஞ்சத்தண்ணியும் கொண்டாந்து அக்கா தலையில ஊத்தி, கால்ல விழுந்து, "தாயே, எம் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் கூடும்?"னு குறி கேட்டாங்க. அந்த அம்மா மேல எனக்குக் கோவமில்ல. அந்தக் கூட்டத்துல அக்காவைக் கையெடுத்துக் கும்புட்டது அவங்க ஒருத்தங்கதான்.

அதுதான் கிளிப்பு. முப்பத்தஞ்சு செகண்டு. ரப்பர் சத்தத்தை வெட்டிட்டு, அக்கா உக்கார்றதுலேர்ந்து ஆரம்பிச்சு, அவரு தன்னோட பக்கத்துல போட்டுக்கிட்டாரு. அதை வெச்சு வாட்ஸாப் ஸ்டிக்கர் கூட வந்துச்சு.

நாலு நாள் கழிச்சு ஜவுளிக்கடைக்குப் போய் அக்கா முன்னாடி நின்னேன். "அக்கா, அந்த கம்மல் ரீல் நான்தான் போட்டேன்"ன்னு சொல்றதுக்குள்ள அழுதுட்டேன்.

அக்கா மேலயும் கீழயும் பார்த்தாங்க. "ஓ, நீதான் அந்த செவப்பு வட்டமா? இத்தினி நாளு பாடிருக்கேன், பாட்டுக்கு ஒரு வட்டம் போட்டியாடி?"

அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்கார வெச்சு, சேலையை மடிச்சிக்கிட்டே சொன்னாங்க. அவங்க சொன்னதை அப்படியே எழுதறேன்.

"மொதல்ல விரல் நுனியில எறும்பு ஊறும். அப்புறம் உதடு மரத்துடும். நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி. காத்து சுத்தியும் இருக்கு, உள்ள மட்டும் போவாது. இப்ப செத்துடுவேன்னு தோணும். தோணும்கூட இல்ல, நிச்சயமா தெரியும். நீ அதை வெச்சிகினு சிரிச்சிக்கிட்டே நிக்கணும். மொத தடவை வந்தப்ப மாரடைப்புன்னு ஆட்டோ புடிச்சு கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். ஈசிஜி எடுத்தாங்க. ஒண்ணுமில்லன்னு தொரத்தி விடல, அந்த டாக்டர் பொண்ணு பொறுமையா சொல்லுச்சு. 'உங்க உடம்பு நடிக்கல. ஆபத்து இல்லாத நேரத்துல ஆபத்து பெல்லை அடிச்சிடுது. அடிச்சா ஓடாதீங்க. கொஞ்ச நேரத்துல அதுவா நிக்கும்'னு. மாத்திரை இருக்கு, மாசம் ஒருக்கா போய்ப் பேசிட்டு வரேன். ஆனா மேடையில வந்துட்டா? ரெண்டு நிமிஷம் வேணும். தட்சணாகிட்ட கேட்டேன். குடுத்தான். ஆறு வருஷமா குடுக்கறான், ஒரு நாள்கூட ஏன்னு கேக்கல."

"அந்த ரெண்டு நிமிஷத்துல என்னக்கா பண்ணுவீங்க?"

"கால் கட்டை வெரலைப் பலகையில அழுத்துவேன். அடுத்த வரியை மனசுக்குள்ளயே மெதுவா பாடி, அது முடியற வரைக்கும் மூச்சை வெளிய விடுவேன். உள்ள இழுக்கறதைப் பத்திக் கவலையே படக்கூடாது, அது தானா வரும். வெளிய விடறதுதான் நம்ம வேலை."

பக்கத்துல ஒரு கஸ்டமர் வந்து, "நீங்கதான சாமி வந்தவங்க? எம் பொண்ணுக்கு எந்தக் கலரு ராசின்னு சொல்லுங்கம்மா"ன்னாங்க. அக்கா ஒரு செகண்டு கூட யோசிக்கல. "மாம்பழ மஞ்சள்"னாங்க. அவங்க வாங்கிட்டுப் போனதும் என் காதுல, "ஆறு மாசமா போகாத சேலைடி அது"ன்னாங்க. ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் அக்கா மட்டும் சிரிப்பை நிறுத்திட்டு, "பாடறவளான்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க இல்ல?"ன்னாங்க.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து என்னோட திருவிழா வீடியோவைப் பெருசாக்கிப் பார்த்தேன். நான் எடது பக்கம் நின்னு எடுத்தது. ஃபிரேம் மூலையில மிக்சர் டேபிள். மிக்சர் பாக்கற ஆளு டீ குடிக்கப் போயிருக்காரு. மூணு மோதிரம் போட்ட ஒரு கை வந்து, பேட்டோட பட்டனைக் கீழ எறக்குது. எறக்கிட்டு அங்கயே இருக்குது. அக்கா உக்கார்ற வரைக்கும் இருக்குது.

போடறேன்னு குதிச்சேன். அக்கா போன்லயே வேணாம்னுட்டாங்க. "போட்டா மறுபடியும் நான் விழுந்ததைத்தான் பார்ப்பாங்க. அவரு கையை யாரு பார்க்கப் போறா? முடிஞ்சா அந்த கிளிப்பை எடுக்கச் சொல்லு, போதும்."

சொன்னேன். நான் சொன்னேன், தட்சணா அண்ணன் சொன்னாரு, அக்காவே நேர்ல போய்ச் சொன்னாங்க. எங்கிட்ட அவரு சொன்ன பதில்: "எல்லாரும் மறந்துடுவாங்கம்மா. சும்மா ஜாலிக்கு." மறக்கல சார். கச்சேரிக்குக் கூப்புடறவங்க கொறஞ்சாங்க. கூப்பிட்டவங்களும் "ஆத்தா வருமா?"ன்னு கேட்டாங்க.

அக்கா விடல. அண்ணனைக் கூட்டிக்கிட்டு குழுவை விட்டு வந்து, பொறந்தநாள், வளைகாப்புன்னு சின்னச் சின்ன எடமா பாடினாங்க. கம்மலைத் தொடறதை நிறுத்திட்டாங்க. வந்தா மைக்குலயே சொல்லிடுவாங்க: "எனக்கு இப்ப படபடப்பு வருது. ரெண்டு நிமிஷம் தட்சணா வாசிப்பாரு. யாருக்காவது இதே மாதிரி வருதுன்னா, வெக்கப்படாதீங்க, கூடவே மூச்சை விடுங்க." ஒரு வளைகாப்புல மாப்பிள்ளையோட அப்பா, இம்மாம்பெரிய மீசை, சாப்பாட்டுப் பந்தியில அக்காகிட்ட வந்து மெதுவா, "எனக்கும் வருதும்மா, எவன்கிட்டயும் சொன்னதில்ல"ன்னாரு.

இன்னொண்ணு. கமெண்ட்ல சில பேரு "அப்பவே நெஞ்சு வலி இருந்துச்சே"ன்னு போடறீங்க. இல்ல. அக்கா போனது டெங்குல. அஞ்சு நாள் காய்ச்சல். படபடப்பு அவங்களைக் கொல்லல, அதை அவங்க எட்டு வருஷம் ஜெயிச்சாங்க. இந்த நோய் இருக்கறவங்களைப் பயமுறுத்தாதீங்க.

போன ஞாயித்துக்கெழம முதலியார்பேட்டையில ஒரு சின்ன மண்டபத்துல படத்திறப்பு. காலையில பதினோரு மணி. ஸ்க்ரீன்ல போட்டோ ஓட்டற வேலை எனக்கு. தட்சணா அண்ணன் மேடை ஓரமா பேட்டை வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. தொகுப்பாளர் சார் ஆளுயர மாலையோட வந்தாரு. யாரும் கூப்பிடல. மைக்கு இருக்கற எடத்துக்கு அவரைக் கூப்பிட வேணாம்.

"அமலி என் தங்கச்சி மாதிரி. நான்தான் மேடை ஏத்தினேன்..."

நான் எட்டு செகண்டு வீடியோவைப் போட்டேன். அக்கா சொன்னதை மீறல. அக்கா அதுல இல்ல. ஒரு ஓரமா வெட்டியெடுத்து, அந்தக் கையை மட்டும் பெருசாக்கியிருந்தேன். மிக்சர், மூணு மோதிரம், கீழ எறங்கற பட்டன். சத்தம் மட்டும் வெட்டாம விட்டிருந்தேன். டொப்பு. டொப்பு. மறுபடியும், மறுபடியும் ஓட விட்டேன்.

மொதல்ல யாருக்கும் புரியல. அப்புறம் தட்சணா அண்ணன் எழுந்தாரு. "எம் பேட்டுல கோளாறுன்னு ரெண்டு வருஷமா நம்பிக்கிட்டிருந்தேன் சார். அவளைக் கவுத்துட்டேன்னு. அவகிட்ட மன்னிப்பு கேட்டிருக்கேன் சார், நானு."

அண்ணனுக்குத் தெரியாதுன்னு எனக்கு அப்பதான் தெரியும். அக்கா அவருகிட்டகூடச் சொல்லாம வெச்சிருந்திருக்காங்க.

மண்டபமே அவரு மோதிரத்தைப் பார்த்துச்சு. அவரு கை சட்டைக் காலருக்குப் போச்சு. வேர்த்துக் கொட்டுது. வாயைத் தொறக்கறாரு, வார்த்தை வரல. மைக்குல மூச்சு மட்டும் கேட்டுச்சு. அது படபடப்பா, வெக்கமான்னு எனக்குத் தெரியாது. அவரு கண்ணு பேட் பக்கம் போச்சு. வாசிங்களேன்ற மாதிரி.

அண்ணன் குச்சியை எடுத்தாரு. என்னைப் பார்த்தாரு. நான் வேணாம்னு தலையாட்டினேன்.

அண்ணன் குச்சியைத் திரும்பக் கீழ வெச்சுட்டாரு.

யாரும் சிரிக்கல. யாரும் வேப்பிலை கேக்கல. சும்மா பார்த்துக்கிட்டு இருந்தோம். அவ்ளோதான். அவரா மைக்கை வெச்சுட்டு, அவரா எறங்கி, அவரா செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டுப் போனாரு. சாயந்திரம் பார்த்தா கிளிப்பு இல்ல.

அக்கா இருந்திருந்தா "பாவம்டி, வாசிக்கச் சொல்லு"ன்னிருப்பாங்க. தெரியும். அக்கா இல்லையே சார். இருந்தப்ப கேட்டாங்களே, அப்ப எடுத்திருக்கலாம்ல?

என் செவப்பு வட்டத்துக்கும் தண்டனை உண்டு. அந்த ரீலை அழிச்சுட்டேன். இனிமே அந்தப் பக்கத்துல அக்கா பாடினது மட்டும்தான் இருக்கும், முழுப் பாட்டா, வெட்டாம.

மண்டபத்துல அவரு எறங்கிப் போனப்புறம் அண்ணன் படத்துக்கு முன்னாடி ஒரு மைக்கை நிறுத்தினாரு. போய் உக்காந்து வாசிக்க ஆரம்பிச்சாரு. அதே ரவுண்டு. இத்தினி வருஷமா அதுக்குக் கைதட்டின ஜனம், அன்னைக்கு ஒருத்தர்கூடத் தட்டல. அது எதுக்குன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். மீசைக்கார மாமா கண்ணை மூடி, வாயால மெதுவா மூச்சை விட்டுக்கிட்டிருந்தாரு. நானும் விட்டேன். ரெண்டு நிமிஷம் தாண்டிச்சு. அண்ணன் நிறுத்தல.

அவசரமில்ல அக்கா. நிதானமா மூச்சை விடுங்க. அண்ணன் வாசிச்சிக்கிட்டுதான் இருக்காரு.