பதினெட்டு நாள் பழைய தண்ணீர்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு கோடை. எங்கள் தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறைதான் குடிதண்ணீர் வரும். வந்தால் ஒரு மணி நேரம். அதனால் வீட்டின் பின்பக்கம் தரைக்கடியில் சிமென்ட் தொட்டி கட்டி, மூடி போட்டு வைத்திருந்தோம். தொட்டி இரண்டு குடும்பத்துக்கும் பொது. ஒரு பக்கம் நாங்கள். அடுத்த பக்கம் என் கொழுந்தன், அவர் மனைவி, அவர்களுடைய ஒன்பது மாதப் பெண் குழந்தை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ஓரகத்தி பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போனாள். எட்டாவதோடு நின்றவள். காய்ச்சலுக்கு என்ன மாத்திரை என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்பாள். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தெருவில் சொல்லித் திரிவாள். அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பங்குனியில் தெருவில் வாந்திபேதி கிளம்பியது. சாக்கடையை ஒட்டிப் போன குழாயில் விரிசல் என்று கண்டுபிடித்து மாற்றினார்கள். அடுத்து வந்த தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கியடித்தது. அதைக் குளிக்க, துவைக்க என்று டிரம்மில் பிடித்துக்கொண்டோம். தொட்டியில் அதற்கு முந்தின முறை பிடித்தது பாதிக்கு மேல் கிடந்தது.

"அக்கா, தொட்டித் தண்ணிய எறைச்சிட்டுப் புதுசு பிடிச்சிருவமா?" என்று ஓரகத்தி கேட்டாள்.

"எதுக்கு? தெருவுல ஒருத்தருக்கும் சீக்கு வராதப்பவே பிடிச்ச தண்ணி. அப்படியே கிருமி இருந்தாலும் இம்புட்டு நாள் தேங்கிக் கிடந்தா தீனியில்லாமச் செத்திரும்."

"பிள்ளைக்கு மட்டும் காய்ச்சிக் குடுக்கவா?"

"மண்ணெண்ணெய் கிடைக்கிற லட்சணத்துலயா? வேண்டாம்ட்டி."

இதற்கு முன்பே என் மகள் இரண்டு நாள் வாந்தியெடுத்துத் தேறியிருந்தாள். மாம்பழம் சேரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் பிடித்த பதினெட்டாம் நாள் காலையில் குழந்தைக்கு வாந்தி தொடங்கியது. பிறகு வயிற்றால் போனது. ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில்தான் இருந்தேன். உப்பும் சர்க்கரையும் அளவு பார்த்துக் கலந்து, ஸ்பூன் ஸ்பூனாக நானே புகட்டினேன். அதே தொட்டித் தண்ணீரில்தான் கலந்தேன். மத்தியானத்துக்குள் குழந்தையின் கண் உள்ளே போய்விட்டது. அழுகையில் சத்தமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே டிரிப் ஏற்றிப் பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கார் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டும்போது ஓரகத்தி, "அக்கா, பிள்ள அசையக் காணோமே" என்றாள். காரைத் திருப்பிக்கொண்டு வந்தோம்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் டிரிப் ஏற்றிய டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் கதையைச் சொன்னேன்.

"டீச்சர், சின்னப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி வர்றது பெரும்பாலும் வைரஸாலதான். அது பாக்டீரியா மாதிரி இல்ல. அதுக்குத் தீனி வேண்டாம். தண்ணியில பெருகாது, ஆனா லேசுல அழியவும் அழியாது. வெயில் படாம குளிர்ச்சியா இருந்தா வாரக்கணக்கா கிடக்கும். சிலது மாசக்கணக்காவும் கிடக்கும். நோய் கண்ணுக்குத் தெரியறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாலயே கழிவு கலந்திருக்கும். அன்னைக்கு நீங்க பிடிச்சதுலயும் இருந்திருக்கலாம். காய்ச்சியிருந்தா போயிருக்கும்."

பிறகு, "டெஸ்ட் பண்ணாம அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் லீவு போட்டுத் தொட்டியை வாளி வாளியாக இறைத்துத் தெருவில் ஊற்றினேன். அடிமண் தெரிகிற மாதிரி தெளிந்த தண்ணீர். எதிர்வீட்டுக்காரி குடத்தோடு ஓடிவந்தாள். "ஊரே தண்ணிக்குச் சாகுது, இப்படியா கொட்டுவீக? எனக்குக் குடுத்தா குறைஞ்சா போவீக?" என்று ஏசினாள். குடத்தைப் பிடுங்கித் தூர வைத்தேன். காரணம் சொல்லவில்லை. ஓரகத்தியிடம், பாசி பிடித்திருந்ததென்று சொன்னேன்.

அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "அக்கா மட்டும் இல்லேன்னா அந்த உப்புத்தண்ணி கூட எம்பிள்ளைக்கு வாய்ச்சிருக்காது" என்று சொல்லி அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன். பார்த்தவர்கள் அதைத் துக்கம் என்று நினைத்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து அவளுக்கு மறுபடி குழந்தை பிறந்தது. எங்கள் வீட்டில் அதற்குள் எல்லாத் தண்ணீரையும் நான் காய்ச்ச ஆரம்பித்திருந்தேன். கேட்டால், தொண்டைக்கு நல்லது என்பேன். ஒரு சாயங்காலம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பால் பவுடர் கலக்க டம்ளரோடு வந்து நின்றாள். "அக்கா, அடுப்புல எண்ணெய் இல்ல. தொட்டித் தண்ணி பிடிச்சு ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. நீங்க முன்னால சொன்ன மாதிரி கிருமி செத்திருக்கும்ல? அப்படியே ஊத்திரவா?"

டம்ளரை வாங்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரிடம் போனது, அவர் சொன்னது, பாசி என்று நான் சொன்ன பொய்.

"இது எப்ப தெரியும் ஒங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"காரியம் முடிஞ்ச வாரத்துல."

"ரெண்டு வருசமா தெரியும்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த மாதம் முடிவதற்குள் வன்னியம்பட்டியில் அவள் அம்மா வீட்டுப் பக்கம் குடி போனார்கள். கொழுந்தன் எப்போதாவது வந்து அண்ணனைப் பார்ப்பார். என்னிடம் "நல்லாருக்கீகளா மதினி" என்பதோடு சரி.

"தெரியாம செஞ்சதுதானே" என்று என் கணவர் இன்றைக்கும் சொல்கிறார். தொட்டித் தண்ணீரைக் கொடுத்தது தெரியாமல் செய்ததுதான். அவள் நன்றி சொல்லச் சொல்ல வாங்கிக்கொண்டிருந்தது தெரிந்தே செய்தது.