செத்துப் பிழைத்த காவலாளி

தெருவில் எல்லோரும் அவரை டமால் என்றுதான் கூப்பிடுவார்கள். சினிமாவில் அடிவாங்கிக் கீழே விழுவது அவர் தொழில். எத்தனையோ மாடிகளிலிருந்து விழுந்தும், ஒரு படத்திலும் முகம் தெரிந்ததில்லை. இந்தப் படத்தில் தெரிந்தாலும் தெரியும் என்று வாயை விட்டுவிட்டார். மனைவி தையல் கடையைப் பூட்டிவிட்டு, தன் தம்பியையும் இழுத்துக்கொண்டு தியேட்டருக்கு வந்துவிட்டாள்.

கால இயந்திரத்தில் பின்னோக்கிப் போன கதாநாயகன் விட்ட குத்தில், சிவப்புத் தொப்பிக் காவலாளி கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்து செத்தான். தெரிந்தது முதுகு மட்டும்தான்.

"இந்த முதுகைப் பாக்கவா கடையப் பூட்டிட்டு வந்தேன்? வீட்டுலயே தினமும் பாக்கிறேனே" என்றாள் மனைவி.

டமால் பாப்கார்னுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இன்னொரு காட்சி பாக்கி இருந்தது. அதை வெட்டியிருந்தால் வீட்டில் தலைகாட்ட முடியாது.

கதாநாயகன் நிகழ்காலத்துக்குத் திரும்பிப் போடும் கடைசிச் சண்டையில் மச்சினன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சண்டையெல்லாம் பிரமாதம் மாமா. லாஜிக்லதான் சொதப்பிட்டாங்க. அப்பவே செத்த சிவப்புத் தொப்பி, அங்க கதவோரமா உயிரோட நிக்கிறான் பாருங்க. எவ்வளவு பெரிய ஓட்டை."

"அந்த ஓட்டை நான்தான் மாப்ளே" என்றார் டமால். "அன்னைக்கு ஆள் பத்தலை. அதே தொப்பியோட நிக்க வெச்சிட்டாங்க."

கேமரா கதவை நெருங்கியது. திரை முழுக்க அவர் முகம்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றாள் மனைவி, கண்ணை எடுக்காமல். "ஓட்டை லட்சணமா இருக்கு."