மார்ச் மாதத்து மண்ணெண்ணெய்

மகிதா கினுயோ முப்பது வருஷமாகச் சிறையில்தான் இருக்கிறாள். குற்றம் ஒன்றும் செய்யவில்லை, காவலர் வேலை. அப்பாவும் காவலர். மதிலை ஒட்டிய குவார்ட்டர்ஸில் பிறந்தாள், அங்கேயே கல்யாணமாகி, புருஷன் விட்டுப் போன பிறகும் அங்கேயே தங்கிவிட்டாள். மேலிடம் சொன்னதை அப்படியே நம்புவது அவளுக்கு அப்பா வழி வந்த வியாதி.

அவள் பார்த்துக்கொண்டது கிழவிகள் வார்டு. வடக்கே பனி கொட்டும் ஊரின் பெண்கள் சிறை. கொலைகாரிகளை அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் சூப்பர்மார்க்கெட்டில் பொரித்த மீனையும் சோற்று உருண்டையையும் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து மாட்டியவர்கள். வெளியே போனால் வீட்டில் ஆளில்லை, பேச நாதியில்லை. மறுபடியும் அதே கடை, அதே மீன், அதே நீதிபதி. இந்தப் பயங்கரக் குற்றவாளிகளிடமிருந்து நாட்டைக் காப்பாற்றத்தான் அவ்வளவு உயர மதில்.

அவர்களில் தோமேவுக்கு எண்பத்தொரு வயது. வாய் மட்டும் இருபதில் நின்றுவிட்டது. மீனுக்காக நான்காவது தடவை வந்திருந்தாள். குளியலறையில் இறங்கிக் குளிக்கும் தொட்டியின் விளிம்பு அவள் முழங்காலுக்கு மேலே. காலைத் தூக்கி அதைத் தாண்டும்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. இலையுதிர் காலத்தில் ஒருநாள் வழுக்கி, பக்கத்தில் இருந்தவள் மேல் சாய்ந்து தப்பினாள்.

கினுயோ கணக்குப் பிரிவுத் தலைவர் ஒனோதெராவிடம் போய் நின்றாள். அவர் மூன்று வருஷத்துக்கு ஒருதரம் ஊர் மாறும் அதிகாரி. ஒரு ஊரில் செய்ததன் பலனைப் பார்க்க அடுத்த வருஷம் அங்கே இருக்க மாட்டார். அந்த நிம்மதி அவர் முகத்தில் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும்.

"தொட்டிக்குக் கைப்பிடி வேணும் சார். யாராவது விழுந்துருவாங்க."

"பணம் எங்கம்மா இருக்கு? ஒண்ணு செய். குளிர்காலத்துல உன் வார்டுல மண்ணெண்ணெய மிச்சம் பிடிச்சுக் குடு. பாத்துக்கலாம்."

கினுயோ அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஓடினாள். கிழவிகளை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். இந்தக் குளிர்காலம் மண்ணெண்ணெய் ஹீட்டரைக் காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம்தான் போடப்போகிறோம், வசந்தத்துக்குள் கைப்பிடி வந்துவிடும் என்றாள்.

"கைப்பிடி வர்றதுன்னா ரெண்டு சாக்ஸ் போட்டுக்கறேன் டீச்சர்," என்றாள் தோமே. அங்கே காவலர்களை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். "போன ஜென்மத்துல பென்குயினா இருந்தேன்னு நெனைச்சுக்கறேன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஜனவரியில் அந்தச் சிரிப்பு இல்லை. வாளித் தண்ணீர் உறைந்தது. காகிதப் பை ஒட்டும் விரல்கள் வீங்கிச் சிவந்தன. கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, பார்லி கலந்த சோறும் சூப்பும் எப்போது வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. வேளைக்கு வேளை ஹீட்டரை அணைத்தது கினுயோவின் கை. அணைக்கும்போதெல்லாம் கைப்பிடியை நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மார்ச் பிறந்ததும் நேராக ஒனோதெராவிடம் போனாள். மிச்சம் நிறையவே இருந்தது.

"எண்ணெய்க்கு வந்த பணம் எண்ணெய்க்குத்தாம்மா. கைப்பிடி கட்டட வேலை. அது வேற பை."

"பாத்துக்கலாம்னு சொன்னீங்களே சார்?"

"பாத்தேனே. முடியல."

இவ்வளவையும் அவர் தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார்.

"அப்ப பணத்தத் திருப்பிக் குடுத்துருவீங்களா?"

ஒனோதெரா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "திருப்பிக் குடுக்கறதா? தேவையில்லாமத்தான் கேட்டிருக்கான்னு அடுத்த வருஷம் வெட்டிருவாங்க. மாசக் கடைசிக்குள்ள எண்ணெயா வாங்கியாகணும்."

வாங்கினார்கள். லாரி வந்து பார்த்தால் டாங்கில் இடமில்லை. கிழவிகள் குளிரில் நடுங்கி மிச்சம் பிடித்த எண்ணெய் அதில் தளும்பிக்கொண்டிருந்தது. அரசாங்கம் யோசித்தது. அரசாங்கம் யோசித்தால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் அந்த வார்டைப் பார்த்திருக்க வேண்டும். இடம் பண்ணுவதற்காக எல்லா ஹீட்டரையும் முழுசாகத் திருப்பி இரவு பகலாக எரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வெளியே பனி உருகிப் பிளம் மரம் பூத்திருக்கிறது. உள்ளே ஜன்னலையெல்லாம் திறந்துவைத்துக்கொண்டு கிழவிகள் வியர்த்து வழிகிறார்கள். அறிவுள்ளவன் ஒருவன் அந்தக் கட்டடத்தில் இருந்திருந்தால் வெட்கத்தில் செத்திருப்பான். ஒருவரும் சாகவில்லை.

தோமே கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் மீன் எடுத்தேன், என் வயித்துக்குப் போச்சு. இது யார் வயித்துக்கு டீச்சர் போகுது?"

கினுயோவுக்கு நெஞ்சு எரிந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு அந்தச் சீருடை அருவருப்பாக இருந்தது.

அடுத்த குளியல் நாளில் பூட்ஸைக் கழற்றினாள், பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினாள், தொட்டியோரம் குனிந்து தோளைக் கொடுத்தாள். கைதியைத் தொடக் கூடாது என்பது விதி. விதி தொட்டியில் விழுந்து சாகட்டும் என்று நினைத்தாள். தோமே தோளைப் பிடித்துத் தாண்டினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வரிசையாகத் தாண்டினார்கள்.

சில வாரங்களில் ஒனோதெரா கூப்பிட்டனுப்பினார். திட்டு வாங்கத் தயாராகப் போனவளைப் பார்த்து அவர் சிரித்தார்.

"நல்ல யோசனைம்மா மகிதா! இத்தனை நாளா ஒருத்தரும் விழலையாமே. இந்த வருஷப் பட்டியல்லேருந்து அந்தக் கைப்பிடிய எடுத்துட்டேன். அதில்லாமலே நடக்குதே!"

"நான் தோளக் குடுக்கலேன்னா?"

"யாராவது விழுந்தா அவசர நிதி இருக்கு. அது தனிப் பை. இடுப்பு கிடுப்பு ஒடைஞ்சு ரிப்போர்ட் வந்துச்சுன்னா மறு வாரமே கைப்பிடி வந்துரும்." அதையும் ஒரு நல்ல சேதிபோலத்தான் சொன்னார்.

மறுநாள் குளியல். கினுயோ பூட்ஸைக் கழற்றவில்லை. தொட்டியிலிருந்து தள்ளிச் சுவரோரமாக நின்றாள். ஒரே ஒருத்தி விழுந்தால் போதும், மிச்ச எல்லோருக்கும், இனி வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துக் கைப்பிடி வந்துவிடும். தோமே விளிம்பருகே வந்து, ஒரு காலை அரைகுறையாகத் தூக்கிக்கொண்டு, பார்க்காமலே கையை நீட்டினாள். எலும்பும் தோலுமான ஈரக் கை, தோள் இருக்கும் என்று நம்பி அந்தரத்தில் நின்றது.

"என்ன டீச்சர், அங்க நின்னு என்ன யோசனை?"

"ஒண்ணுமில்ல," என்று கினுயோ பூட்ஸோடே ஓடிப் போய்க் குனிந்தாள். "பிடிச்சுக்குங்க."