பெரியாயிக்கு ஒரு பேர்

கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் பதுளையில் ஜௌபரின் கம்ப்யூட்டர் கடைக்குப் போய், அங்கே மிஷின் பழுது பார்க்கும் சுபாஜினியிடமே கேட்டுக்கொள்ளலாம். பேய் என்று சொன்னால் முகத்துக்கு நேரே சிரிக்கிறவள் அவள். அவளுக்குத்தான் இது நடந்தது. போன ஒக்டோபரில், பட்டப்பகலில், பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்து ஆபீசில். தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் தனக்குள் இருக்கும் புரொசசரையே தப்பாகக் காட்டுகிறது என்று போன் வந்திருந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது மணி 2.10. நல்ல மழை. ஆபீஸ் வாசலில் ஒரு கிழவர் நனைந்துகொண்டு நின்றார். பெயர் வீரய்யா.

"ஏங்க, உள்ள வந்து நிக்கலாமே?"

"கிளாக்கரய்யா வெளிய நிக்கச் சொன்னாரும்மா. மிஷின் சரியானாத்தான் செக்ரோல் எடுக்கலாமாம். நாளைக்குக் காலைல பதுளையில நட்டஈட்டு விசாரணை. கையில ஒண்ணுமில்ல."

அவருடைய மனைவி பெரியாயி ஜூலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டிச் செத்துப்போனவள். ஆனால் அன்று அவளுக்குப் 'பேர்' இல்லை என்றது ஆபீஸ். தோட்டத்தில் பேர் என்றால் அன்றைக்கு வேலைக்கு வந்த கணக்கு. அது செக்ரோல் என்ற வருகைப் பதிவில் இல்லையென்றால், பெரியாயி விறகு பொறுக்கப் போய்ச் செத்தவள்; நட்டஈடு கிடையாது. அவ்வளவுதான், கதை முடிந்தது.

சுபாஜினிக்குச் சுர்ரென்று ஏறியது. அவளும் லயத்தில், தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள்தான்.

உள்ளே கிளாக்கர் செல்வநாயகம் காலை நீட்டிக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "துரை கூப்பிடச் சொன்னார், கூப்பிட்டேன். சரிவராட்டி சரிவரலன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ, தங்கச்சி" என்றார். மனுஷனா இவன் என்று நினைத்துக்கொண்டு அவள் பெட்டியைத் திறந்தாள்.

2.25. திரையில், புரொசசரின் பெயர் வரவேண்டிய இடத்தில், 'தெரியவில்லை' என்று வந்தது. வேகமும் பாதிதான். இது வழக்கமான கோளாறு. போர்டில் இருந்த சின்ன பேட்டரியைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்து மாட்டினாள். அப்படிச் செய்தால் தேதி பழைய வருஷம் ஒன்றுக்குப் போய்விடும்.

போகவில்லை. ஜூலை 14, காலை 10.25 என்று காட்டியது.

திரும்பக் கழற்றி மாட்டினாள். ஜூலை 14. 10.25.

"சம்சாரம் செத்தது என்னைக்குங்க?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டாள்.

"ஜூலை பதினாலும்மா. பத்தரைக்கெல்லாம் மூச்சு நின்னுருச்சு."

2.48. மறுபடி ஆன் செய்தாள். இந்த முறை புரொசசரின் பெயர் வந்தது. ஆங்கில எழுத்தில்... பெரியாயி.

அவளுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. "செத்தவ பேர வச்சு வெளையாடுறீங்களா? யாரு இதுல எழுதினது?"

கிளாக்கரின் முகம் வெளுத்திருந்தது. "நான் தொடவே இல்ல..."

புரொசசர் சிப்பைக் கழற்றினாள். அதன் முதுகில் கம்பெனிப் பெயர் சரியாகத்தான் இருந்தது. டிஷ்யூவில் வைத்துத் துடைத்தாள். அதற்குள் கிளாக்கர் எழுந்து நின்று கத்தினார். "வெறகுக்குப் போனவளுக்கெல்லாம் பேர் போடச் சொல்றியா? எடுத்துக்கிட்டுக் கிளம்பு!"

"விசாரணை முடியட்டும், அப்புறம் பாருங்க யாரு கிளம்புறதுன்னு!" கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மின்விசிறியைப் பூட்டி, சுவிட்சை ஓங்கி அமுக்கினாள்.

3.05.

ஙொய்ங்ங்ங்...

மின்விசிறிச் சத்தம் இல்லை அது. குளவிக் கூட்டின் சத்தம்.

அறை முழுக்கப் பச்சைக் கொழுந்து வாசம்.

திரையில் செக்ரோல் தானாகத் திறந்தது.

யாரும் தொடவில்லை... பிரிண்டர் இழுத்தது.

ஒரே ஒரு தாள்.

ஜூலை 14. பெரியாயி. முழுப்பேர், அதாவது முழு நாள் வேலை.

கிளாக்கர் பாய்ந்தார். அவள் முந்திக்கொண்டு தாளை உருவி வாசலுக்கு ஓடினாள். "பிடிங்க, மடியில வச்சுக்கங்க. திரும்பிப் பாக்காம போங்க!" வீரய்யா மழைக்குள் இறங்கினார். கம்ப்யூட்டர் அணைந்தது.

மறுநாள் விசாரணையில் அந்தத் தாளை ஏற்றுக்கொண்டார்கள். பதிவை அழித்தது தான்தான் என்று கிளாக்கர் தானாகவே ஒப்புக்கொண்டார். யாரும் அவரை அதட்டக்கூட இல்லையாம்.

இரண்டு நாள் கழித்து, உயிரே வரவில்லை என்று அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தது. ஜௌபர் திறந்து பார்த்தார்.

"இதுல புரொசசர் எங்க புள்ள?"

சுபாஜினி தன் பையைக் கொட்டினாள். டிஷ்யூவில் சுற்றியபடி சிப் விழுந்தது. சண்டையில் அதைத் திரும்பப் பொருத்தவே மறந்திருந்தாள்.

"புரொசசர் இல்லாம எப்படி ஓடும்? அப்ப அன்னைக்கு ஓடினது எது?"

"எதுன்னு கேக்காதீங்க" என்றாள் அவள். "யாருன்னு கேளுங்க."